குளிர்காலத்தில் மலையேறும் மாடுகள்

1651-ஆம் ஆண்டு. ஆலிவர் குரோம்வெல்லின் படைகள் அயர்லாந்தை அடக்கிக்கொண்டிருந்த காலம். அந்தப் படையின் தளபதிகளில் ஒருவரான எட்மண்ட் லட்லோ, மேற்குக் கரையோரத்துக் கிளேர் மாவட்டத்தில் பர்ரென் என்னும் குன்றுப் பகுதிக்குள் போனார். பார்த்த இடமெல்லாம் சாம்பல் நிறப் பாறை. தண்ணீர் இல்லை, மரம் இல்லை, மண் இல்லை என்று தம் நினைவுக் குறிப்புகளில் அலுத்துக்கொண்ட அவர், கையோடு இன்னொன்றையும் எழுதி வைத்தார்: இந்த ஊர் மாடுகள் நன்றாகக் கொழுத்திருக்கின்றன.

மண்ணே இல்லாத ஊரில் மாடு எப்படிக் கொழுக்கும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பர்ரென்னின் மொத்தக் கதையும் கிடைத்துவிடும்.

அங்கே இன்னொரு விசித்திரமும் உண்டு. ஆல்ப்ஸ் மலையானாலும் நார்வேயானாலும் ஐரோப்பாவில் மாடு வளர்ப்பவர்களின் வழக்கம் ஒன்றுதான். கோடையில் மந்தையை மலைக்கு ஓட்டுவார்கள். குளிர் வந்தால் கீழே இறக்கிவிடுவார்கள். பர்ரென்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வாடைக்காற்று தொடங்கும் அக்டோபரில் மாடுகளை மேலே ஏற்றுகிறார்கள்; ஏப்ரல் வாக்கில், வசந்தம் வந்த பிறகு கீழே இறக்குகிறார்கள். குளிர்காலம் முழுக்க மொட்டைப் பாறையில் மாடு. கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும் இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு பழங்கடல், ஒரு பனியுகம், ஆறாயிரம் ஆண்டு வேளாண்மை எல்லாமே இருக்கின்றன.

கடலடியில் பிறந்த குன்றுகள்

ஏறக்குறைய 33 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய அயர்லாந்து இருக்கும் நிலத்தட்டு நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடந்தது. அதன்மேல் ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடல். பவளங்கள், சிப்பிகள், கடல் அல்லிகள் என்று சுண்ணாம்பு ஓடு கட்டிய உயிர்கள் அதில் கோடிக்கணக்கில் வாழ்ந்து மடிந்தன. அந்த ஓடுகள் படிந்து, அழுந்தி, இறுகிக் கல்லானதுதான் பர்ரென்னின் சுண்ணாம்புக்கல். இன்றைக்கும் அந்தப் பாறையில் குனிந்து பார்த்தால் வெள்ளைக் கோடாக வளைந்த சிப்பியின் விளிம்பும், கடல் அல்லித் தண்டின் சின்னச் சின்ன வட்டத் துண்டுகளும், பவளத்தின் அறைகளும் தெரியும்.

பிறகு ஆறுகள் சேறும் மணலும் கொண்டுவந்து அந்தக் கடலில் கொட்டின. சுண்ணாம்புக்கல்லின்மேல் களிப்பாறையும் மணற்பாறையும் அடுக்கடுக்காகப் படிந்தன. பர்ரென்னுக்குத் தெற்கே 214 மீட்டர் உயரம் வரை செங்குத்தாக நிற்கும் மோஹர் கடற்பாறைகள் அந்த மேலடுக்குகளால் ஆனவைதான். பர்ரென்னின் பெரும்பகுதியில் மேலடுக்கு அரித்துப் போய்விட்டது. ஸ்லீவ் எல்வா என்னும் 344 மீட்டர் உயரக் குன்றின் உச்சி போன்ற சில இடங்களில் மட்டும் மிச்சம் இருக்கிறது.

அந்தக் குன்றில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். உச்சியில் இருக்கும் களிப்பாறை தண்ணீரை உள்ளே விடாது. எனவே மழைநீர் ஓடையாகச் சலசலத்து இறங்கி வரும். களிப்பாறை முடிந்து சுண்ணாம்புக்கல் தொடங்கும் இடத்தில் ஓடை சட்டென்று தரைக்குள் மறைந்துவிடும். இந்தக் குழிகளுக்குக் கீழே பல கிலோமீட்டர் நீளக் குகைகள் ஓடுகின்றன. டூலின் ஊருக்குப் பக்கத்தில் 1952-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு குகையின் கூரையிலிருந்து 7 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள சுண்ணாம்பு விழுது ஒன்று ஒற்றையாகத் தொங்குகிறது.

பாறையை இன்றைய கோலத்துக்குக் கொண்டுவந்தவை இரண்டு: பனியும் மழையும். கடைசிப் பனியுகத்தில் பர்ரென்மேல் நகர்ந்த பனிப்பாளங்கள் தளர்ந்த கல்லையும் மண்ணையும் வழித்துக்கொண்டு போயின. போகிற போக்கில் கால்வே விரிகுடாவுக்கு அக்கரையில் உள்ள கன்னமாராவின் கருங்கல் பாறைகளைக் கொண்டுவந்து இங்கே போட்டுவிட்டும் போயின. சாம்பல் நிறச் சுண்ணாம்புத் தளத்தின்மேல் சம்பந்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்தக் கருங்கற்களை வைத்துத்தான் பனி எந்தத் திசையிலிருந்து வந்தது என்று புவியியலாளர்கள் சொல்கிறார்கள்.

அடுத்தது மழை. காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்ஸைடு மழைநீரில் கரைந்து மிக மெல்லிய அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல்லை அது சிறிது சிறிதாகக் கரைக்கும். கல்லில் ஏற்கெனவே இருந்த விரிசல்களில் தண்ணீர் இறங்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அவற்றை அகலமாக்கி ஆழமாக்கிவிட்டது. இப்படி உண்டான பிளவுகளைக் கிரைக் என்கிறார்கள். இரண்டு பிளவுகளுக்கு இடையே எஞ்சும் தட்டையான கல்மேடைக்குப் பெயர் கிளிண்ட். சில பிளவுகளில் ஆள் இறங்கினால் தலை தெரியாது.

இவ்வளவு ஓட்டைகள் உள்ள நிலத்தில் தண்ணீர் எப்படித் தங்கும்? ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 மில்லிமீட்டர் மழை பெய்யும் பர்ரென்னில், பிறந்த இடத்திலிருந்து கடல் வரைக்கும் தரைமேலேயே ஓடும் ஆறு கேஹர் ஒன்றுதான். மற்றதெல்லாம் நிலத்தடியில் போய்விடுகிறது. இதனால்தான் டர்லோ என்னும் மாய ஏரிகள் இங்கே உண்டாகின்றன. இலையுதிர்காலத்து மழையில் நிலத்தடி நீர்மட்டம் ஏறும்போது, தரையில் உள்ள துளைகள் வழியே தண்ணீர் கீழிருந்து மேலே வந்து பள்ளத்தை நிரப்பும். கோடை நெருங்கும்போது வந்த வழியே இறங்கிவிடும். குளிர்காலத்தில் ஏரியாக இருந்த இடம் கோடையில் மேய்ச்சல் நிலம். ஏரிக்குள் நிற்கும் கற்சுவர்களில் கறுப்புப் பாசி எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று பார்த்தே வெள்ளம் எதுவரை வந்தது என்று சொல்லிவிடலாம்.

ஒரே பாறையில் இரண்டு தட்பவெப்பம்

மே மாதம் பர்ரென்னுக்குப் போகிறவர்களுக்கு வேறொரு அதிர்ச்சி காத்திருக்கும். லட்லோ திட்டிய அதே மொட்டைப் பாறை பூத்துக் கிடக்கும். அயர்லாந்தின் இயல்தாவர இனங்களில் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது இந்தச் சிறு வட்டாரத்தில் இருக்கின்றன. எண்ணிக்கையைவிட, எது எதன் பக்கத்தில் வளர்கிறது என்பதுதான் தாவரவியலாளர்களை மலைக்க வைக்கிறது.

வசந்த ஜென்ஷியன் என்னும் பூ ஒன்று. விரற்கடை உயரச் செடி. கண்ணைப் பறிக்கும் நீலம். ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளின் குடிமகன் அது. எட்டு வெள்ளை இதழ்களோடு பாறையைப் போர்த்தியபடி படரும் டிரையாஸ் துருவக் குளிர் நாட்டுச் செடி. பனியுகத்தின் முடிவில் வந்த கடுங்குளிர்க் காலகட்டம் ஒன்றுக்கு அறிவியலாளர்கள் அதன் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். உயர்ந்த மலைகளைத் தேடிப்போய்ப் பார்க்கவேண்டிய இந்தச் செடி பர்ரென்னில் கடல்மட்டம் வரை இறங்கி வளர்கிறது. அதற்குச் சில அடி தள்ளி, மத்தியதரைக் கடல் நாடுகளைச் சேர்ந்த நியோடினியா ஆர்க்கிட் பூத்து நிற்கும். உறைபனி பட்டாலே கருகிவிடும் மெல்லிய அடியாண்டம் பெரணி பக்கத்துப் பிளவுக்குள் தழைத்திருக்கும்.

குளிர்நாட்டுச் செடியும் வெப்பநாட்டுச் செடியும் ஒரே இடத்தில் எப்படிக் கூடி வாழ்கின்றன? முதல் காரணம் அட்லாண்டிக் பெருங்கடல். அதன் வெப்ப நீரோட்டத்தால் இங்கே குளிர்காலத்தில் உறைபனி அபூர்வம். கோடையில் கொளுத்தும் வெயிலும் இல்லை. எந்தச் செடியையும் கொல்லும் அளவுக்குப் பருவம் முற்றுவதில்லை. இரண்டாவது, நில அமைப்பு. கல்மேடையின் மேற்பரப்பு வறண்டது, வெளிச்சமானது. ஓரடி தள்ளி உள்ள பிளவுக்குள் நிழல், ஈரம், காற்றில்லாத அமைதி. ஒரு சதுர மீட்டருக்குள்ளேயே பல தட்பவெப்பங்கள் இருக்கின்றன.

மூன்றாவது காரணம் கேட்பதற்கு முரணாக இருக்கும்: மண்ணின் வறுமை. பர்ரென் மண்ணில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. உரம் செழித்த மண்ணில் வேகமாக வளரும் புற்கள் எழும்பி, சிறு செடிகளை நிழலில் அமுக்கிக் கொன்றுவிடும். இங்கே அந்த முரட்டுப் புற்களுக்குத் தீனி போதாது. எளிய பூச்செடிகள் பிழைக்கின்றன.

இதோடு கணக்கு முடியவில்லை. பனியுகம் முடிந்ததும் குளிர்நாட்டுச் செடிகள் அயர்லாந்து முழுக்கத்தான் பரவியிருந்தன. பின்னால் வந்த காடுகள் நிழல் போட்டு மற்ற இடங்களில் அவற்றை ஒழித்துவிட்டன. பர்ரென்னில் மட்டும் வெளிச்சம் எப்படி மிஞ்சியது?

கோடாரியும் மந்தையும்

1903-இல் கிளேர் மாவட்டக் குகை ஒன்றைத் தோண்டியபோது கரடியின் முழங்கால் சில்லு ஒன்று கிடைத்தது. மற்ற எலும்புகளோடு அதுவும் டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் பெட்டிக்குள் போய்விட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து, தொல்லியலாளர் மரியன் டவ்டும் விலங்கெலும்பு வல்லுநர் ரூத் கார்டனும் அதைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். சில்லின்மேல் கத்திக் கீறல்கள் இருந்தன. கரிமக் காலக்கணிப்பு 12,500 ஆண்டுகள் என்றது. அயர்லாந்தில் மனிதர் வந்து சுமார் 10,000 ஆண்டுகள் என்றே அதுவரை எழுதிவந்த பாடநூல்களை, உள்ளங்கையில் அடங்கும் அந்த எலும்பு 2016-இல் திருத்த வைத்தது.

அந்தக் கரடி வேட்டைக்காரர்கள் நிலத்தை மாற்றவில்லை. ஏறக்குறைய ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்த விவசாயிகள் மாற்றினார்கள். அவர்களின் நினைவுச்சின்னம் பூல்னப்ரோன் கல்லறை: நிமிர்த்தி வைத்த கற்களின்மேல் ஒரு பெரிய பலகைக்கல் சாய்ந்து நிற்கும். தாங்குகல் ஒன்றில் விரிசல் கண்டதால் 1980-களில் அதைப் பழுதுபார்க்க வேண்டி வந்தது. அப்போது ஆன் லிஞ்ச் என்ற தொல்லியலாளர் அதன் அடியைத் தோண்டினார். கி.மு. 3800 முதல் 3200 வரை, ஆறு நூற்றாண்டுகளாக அங்கே வைக்கப்பட்ட முப்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. ஒருவரின் இடுப்பெலும்பில் கல்லாயுதத்தின் முனை குத்தி நின்றது. சுமை தூக்கித் தேய்ந்த மூட்டுகளும் இருந்தன.

அந்தக் கல்லறையில் இருந்த ஓர் ஆண் குழந்தையின் மரபணுவை 2020-இல் ஆராய்ந்தபோது அவனுக்கு டவுன் நோய்க்குறி இருந்தது தெரியவந்தது. அறிவிக்கப்பட்ட காலத்தில், உலகில் அதுவரை அறியப்பட்ட மிகப் பழைய டவுன் நோய்க்குறிச் சான்று அதுதான். அவன் தாய்ப்பால் குடித்தவன் என்பதை எலும்பின் வேதியியலே சொல்கிறது. எல்லோருக்கும் கிடைக்காத அந்தக் கல்லறையில் அவனுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இவர்கள் வந்தபோது பர்ரென் மொட்டையாக இல்லை. பைன், ஹேசல், யூ மரங்கள் இருந்தன என்று சேற்றுப் படிவுகளில் சிக்கிய மகரந்தத் துகள்கள் காட்டுகின்றன. விவசாயிகள் மரங்களை வெட்டினார்கள். மந்தைகளை மேய விட்டார்கள். மரத்தின் வேர் போனதும் மெல்லிய மண்படலம் மழையில் கரைந்து பிளவுகளுக்குள்ளும் குகைகளுக்குள்ளும் இறங்கிவிட்டது. பனியுகம் பாதி வழித்தது, மனிதன் மீதியை வழித்தான் என்று சொல்லலாம். மனிதக் கை படாத வனாந்தரமாகத் தோன்றும் இந்தப் பாறைவெளி, உண்மையில் மிகப் பழைய பண்ணை நிலம். பூக்களுக்கு வெளிச்சம் மிஞ்சியதற்குக் காரணமும் அந்தக் கோடாரிகளும் மந்தைகளும்தான்.

அதன் பிறகு மனிதர் ஒருபோதும் பர்ரென்னைவிட்டுப் போகவில்லை. கல்கோட்டைகள், சிற்றாலயங்கள், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவர்கள் என்று எல்லாக் காலத்துத் தடயங்களும் கிடக்கின்றன. 1932-இல் முயல் பிடிக்கப் போன ஒரு கிராமத்து இளைஞன் பாறைப் பிளவு ஒன்றுக்குள் கைவிட்டு எடுத்த பொருள், ஏறக்குறைய 2,700 ஆண்டுப் பழமையான தங்கக் கழுத்தணி. கிளெனின்ஷீன் அணி என்று பெயர்பெற்ற அது இன்று டப்ளின் அருங்காட்சியகத்தின் பெருமைகளில் ஒன்று.

மாடு ஏறும் மாதம்

இப்போது லட்லோவின் மாடுகளுக்கு வருவோம்.

கோடையில் குன்றுகளில் மாட்டுக்குக் குடிக்கத் தண்ணீர் போதாது. குளிர்காலத்தில் ஊற்றுகள் பொங்கி நிற்கும். அதேசமயம் கீழ்நிலங்கள் மழையில் ஊறிச் சேறாகிவிடும். மாட்டின் குளம்பு புதைந்து புல்லும் நாசம், மாட்டுக்கும் நோய். மேலே பாறையில் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் உடனே பிளவுக்குள் வடிந்துவிடும். மாடு காய்ந்த இடத்தில் படுத்து அசைபோடலாம். பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டைமாடித் தரை இரவிலும் சுடுவதைப் போல, கோடை முழுக்கச் சூடு வாங்கிய சுண்ணாம்புக்கல் குளிர்காலத்தில் அதை மெல்ல வெளியே விடுகிறது. பக்கத்தில் மிதவெப்பக் கடல் வேறு. அதனால் மற்ற இடங்களில் புல் உறங்கும் மாதங்களிலும் பர்ரென் இடுக்குகளில் பசுமை இருக்கும். கோடையில் மேயாமல் விட்ட புல்லும் நின்றபடியே காய்ந்து தீவனமாகக் காத்திருக்கும். ஊற்றுநீரிலும் செடிகளிலும் சுண்ணாம்புச் சத்து ஏராளம். மாடு கொழுத்ததன் ரகசியம் இதுதான். இந்தக் குளிர்கால மேய்ச்சலை அங்கே வின்டரேஜ் என்கிறார்கள்.

இதனால் பூக்களுக்கு என்ன லாபம்? கோடையில் செடிகள் தளிர்த்து, பூத்து, விதை உதிர்க்கும்போது மேலே மாடே இல்லை. விதை விழுந்து, செடிகள் தரையோடு ஒடுங்கிய பிறகு மாடுகள் வருகின்றன. பழுத்து முற்றிய புல்லைத் தின்று தீர்க்கின்றன. அந்தக் காய்ந்த புல் அப்படியே கிடந்தால் மெத்தையாக மூடி அடுத்த ஆண்டு முளைகளை மூச்சுத் திணறடித்துவிடும். மாடு தின்றுவிடுவதால் வசந்தத்தில் ஜென்ஷியனுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. தலைமுறை தலைமுறையாக மாட்டுக்காகச் செய்த ஏற்பாடு, யாரும் திட்டமிடாமலேயே ஐரோப்பாவின் அரிய பூந்தோட்டம் ஒன்றைக் காத்து வந்திருக்கிறது.

பூவுக்கு விலை

1970-களுக்குப் பிறகு இந்தக் கண்ணி தளர்ந்தது. முரட்டுத் தீனிக்குப் பழகிய பழைய இனங்களின் இடத்தை சாரலே, லிமோசின் போன்ற பெரிய உடல் இறைச்சி மாடுகள் பிடித்தன. அவற்றுக்குக் காய்ந்த மலைப்புல் போதவில்லை. புல்லைப் புளிக்கவைத்து ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) தயாரித்துப் போடும் பழக்கம் பரவியது. பல பண்ணைகளில் மாடு குளிர்காலம் முழுக்கக் கொட்டகையிலேயே நின்றது. விவசாயிகள் பலர் வேறு வேலைக்கும் போய்க்கொண்டே மாடு வளர்த்தார்கள். தினமும் குன்றேறி மந்தையைப் பார்க்க நேரமில்லை. மேலே ஊறுகாய்ப்புல் கொண்டுபோய்ப் போட்டாலும் கெடுதல்தான். மாடுகள் தீவனத் தொட்டியைச் சுற்றியே நிற்கும். அந்த இடம் மிதிபட்டுச் சாணியும் சேறுமாகும். மற்ற இடத்தில் புல் தேங்கும். ஓட்டைப் பாறை என்பதால் கழிவு நேராக நிலத்தடி நீரில் கலந்துவிடும்.

மேய்ச்சல் குறைந்ததும் ஹேசல் புதர் முன்னேறியது. ஹேசல் காடும் நல்ல வாழிடம்தான். ஆனால் அது பூவெளிகளையும் தொல்சின்னங்களையும் மூடிக்கொண்டு போவதுதான் சிக்கல். இயற்கையைக் காக்க மாட்டை விரட்ட வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு இது பெரிய பாடம். இங்கே மாடு போனால் பூவும் போகும்.

பிரெண்டன் டன்ஃபோர்டு என்ற ஆய்வாளர் விவசாயிகளோடு பழகி, மேய்ச்சலுக்கும் பூக்களுக்கும் உள்ள உறவைத் தம் முனைவர் பட்ட ஆய்வில் விரித்துக் காட்டினார். அதன் தொடர்ச்சியாக, ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடு 2005 முதல் 2010 வரை பர்ரென்லைஃப் திட்டம் இருபது பண்ணைகளில் நடந்தது. ஊறுகாய்ப்புல்லுக்குப் பதிலாகக் கொஞ்சம் அடர்தீவனம் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலுள்ள புரதமும் தாதுவும் மாட்டின் வயிற்று நுண்ணுயிர்களுக்கு வலு கொடுக்க, மாடு தானாகவே முரட்டுப் புல்லைத் தேடித் தின்றது. தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள், புதரில் வழி வெட்டினார்கள், சரிந்த சுவர்களை எடுத்துக் கட்டினார்கள்.

அடுத்த கட்டமாக 2010-இல் வந்த திட்டத்தில்தான் பெரிய மாற்றம் இருந்தது. கோடையில் ஆலோசகர் ஒருவர் ஒவ்வொரு மேய்ச்சல் வயலையும் நடந்து பார்த்து, பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவார். புல் சரியாக மேயப்பட்டிருக்கிறதா, காய்ந்த சருகு எவ்வளவு, ஊற்றைச் சுற்றி நிலம் மிதிபட்டிருக்கிறதா, புதர் நுழைகிறதா என்பவை கேள்விகள். மதிப்பெண் ஏறினால் விவசாயிக்குப் பணமும் ஏறும். எப்படி மேய்க்க வேண்டும் என்று யாரும் உத்தரவு போடுவதில்லை. அந்த நிலத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததைவிட அலுவலகத்துக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது! பின்னாளில் முந்நூறுக்கும் மேற்பட்ட பண்ணைகள் இதில் இணைந்தன. மதிப்பெண் பார்த்துப் பணம் தரும் இந்த முறையை அயர்லாந்தின் தேசிய வேளாண் சுற்றுச்சூழல் திட்டமும் இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் கடைசியில் பர்ரென்னில் ஒரு திருவிழா நடக்கிறது. ஒரு பண்ணையின் மந்தையைக் குன்றின் குளிர்கால மேய்ச்சலுக்கு ஓட்டிப்போக, ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் குழந்தைகளோடு பின்னாலேயே நடந்து போகிறார்கள். மாடு மேய்ப்பது மதிப்பான வேலை என்று ஊரே சேர்ந்து சொல்லும் நாள் அது.

பர்ரென்னும் மோஹர் பாறைகளும் 2015 முதல் யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்காக்களில் ஒன்று. போகும் வாய்ப்பு கிடைத்தால் மே மாதத்தில் போங்கள். மோஹர் பாறையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல் ஒரு நாளாவது சுண்ணாம்புத் தளத்தில் நடந்து பாருங்கள். பூல்னப்ரோனைப் பார்த்த ஆர்வத்தில் உதிரிக் கற்களைப் பெயர்த்துச் சின்னச் சின்னக் கல்லறைகளாக அடுக்கிவிட்டு வருவது சுற்றுலாப் பயணிகளிடம் பெருகியிருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். பெயர்க்கும் ஒவ்வொரு கல்லுக்கும் கீழே ஒரு செடியோ பூச்சியோ குடியிருக்கிறது. வேலி போட்டு மனிதரை வெளியேற்றினால் காப்பாற்றப்படும் நிலங்கள் உலகில் உண்டு. பர்ரென் அந்த ரகம் இல்லை. அதைக் காக்க வேண்டுமானால், அக்டோபரில் மாட்டை ஓட்டிக்கொண்டு மேலேறும் விவசாயி அந்த மண்ணில் பிழைக்க வழியிருக்க வேண்டும்.